எத்தனை பரப்பு என்று யார் கேட்பது?

1. கவுண்டரில் கிடந்த வெங்காயம்

சின்னராசா அண்ணை கடைக்குள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே ஏதோ வில்லங்கம் என்று விளங்கிவிட்டது. கையில் ஒரு பிடி வெங்காயப் பயிர், வேரும் மண்ணுமாக. அதைக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டார். தாள்கள் நுனியிலிருந்து பாதி வரைக்கும் வெளிறிக் கருகியிருந்தன.

"மங்கை, இதைப் பார். உங்கடை கடைப் புல்லுமருந்து செய்த வேலை. விதைக்கு எண்டு வைச்ச வெங்காயம். இது போனால் அடுத்த போகத்துக்கு நான் ஆரிட்டைப் போய் விதை கேக்கிறது?"

விவசாய மருந்தும் உரமும் விற்கும் கடையில் என் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். கவுண்டருக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றேன். இது அதற்கு முன் நடந்தது. பூச்சி, பூஞ்சணம், போலி மருந்து, பொய்ச் சாட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கருகிய பயிரைக் கையில் எடுத்தால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். இது களைக்கொல்லி மருந்து கூடிப்போன கருகல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஆர் அண்ணை உங்களுக்கு மருந்து தந்தது?"

"உவள்தான்" என்று கஜானியைக் காட்டினார். "தோட்டத்துக்கு ஒரு போத்தல் காணும் எண்டவள். அந்தப் போத்தல் முழுக்கக் கலந்து அடிச்சனான். இனி உவள் இஞ்சை நிண்டால் நான் இந்தப் படி மிதியன்."

கஜானி எங்கள் கடைக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான். இணுவில் ஊர்ப் பிள்ளை. சின்னராசா அண்ணையின் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளித்தான் அவளுடைய வீடு. தகப்பன் இல்லை, தாய் தையல் வேலை செய்கிறவர். கஜானியின் சம்பளத்தை நம்பித்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவள் கருகிய தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

2. முதலாளியின் தீர்ப்பு

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து முதலாளி வந்தார். நல்ல மனிதர். ஆனால் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குவார்.

"நான் அப்பவே சொன்னனான், மங்கை அக்கா. இப்பத்தைப் பள்ளிக்கூடங்களிலை என்னத்தைப் படிப்பிக்கிறாங்கள்? கணக்கிலை ஏ எண்டு சேட்டிபிக்கற் மட்டும் இருக்கு. அஞ்சையும் அஞ்சையும் கூட்ட போன் வேணும். உதுகளை வைச்சு நான் எப்பிடி யாவாரம் செய்யிறது? இந்த மாதத்தோடை கணக்கை முடிச்சு அனுப்பிவிடுங்கோ."

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. பாங்கிலும் கேட்டிருக்கிறேன், பாமசியிலும் கேட்டிருக்கிறேன். இளம் பிள்ளை ஒன்று எங்காவது பிழை விட்டால், மற்றவர்கள் உடனே பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்கிற எங்கள் முதலாளியோ ஹெக்டயர் என்ற சொல் காதில் விழுந்தாலே தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விடுவார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தீர விசாரிக்காமல் ஒரு பிள்ளையின் சோற்றில் கை வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"பொறுங்கோ முதலாளி. பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதெண்டு நீங்கள் சொல்லுறியள். இப்ப இந்த இடத்திலையே பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "கஜானி, அண்ணைக்கு எப்பிடிக் கணக்குப் பாத்தனீ? எங்களுக்கும் சொல்லு."

அவள் போனைத் தொடவில்லை. "லேபிளிலை ஹெக்டயருக்கு ஒரு லீற்றர் எண்டு கிடக்கு அக்கா. ஒரு ஹெக்டயர் கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர். அப்ப ஏக்கருக்கு நானூறு மில்லி. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. பரப்புக்கு இருபத்தஞ்சு மில்லி. மாமாவுக்கு நாலு பரப்பு. நூறு மில்லிப் போத்தல் ஒண்டு."

முதலாளி விரல்களை மடக்கி ஒருமுறை சரி பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து இன்னொருமுறை சரி பார்த்தார். விடை மாறவில்லை. அந்த மருந்து அந்தப் போகத்தில்தான் புதிதாக வந்தது. அதன் கணக்கைக் கடையில் அவ்வளவு விரைவாகச் சொல்லக்கூடியவர்கள் நானும் அவளும்தான்.

கணக்குச் சரி. பயிரோ கருகிக் கிடக்கிறது. அப்படியானால் கணக்குக்குள் போன எண் ஒன்று பிழையாக இருக்க வேண்டும். நான் சின்னராசா அண்ணையைப் பார்த்தேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இப்பவும் நாலு பரப்பும் நீங்கள்தான் செய்யிறியளோ?"

அவர் வெளியே தன் சைக்கிள் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

"ரெண்டு பரப்பு பெட்டைக்கு எழுதியாச்சு" என்றார் மெல்ல. "ஆவணியிலை."

மகளுக்குச் சீதனமாகப் பாதித் தோட்டம் போயிருந்தது. மருமகன் வீட்டார் அதை வேலி போட்டு அடைத்தும் விட்டார்களாம். நாலு பரப்புக்கான மருந்தை அவர் இரண்டு பரப்புக்கு அடித்திருக்கிறார். கருகாமல் என்ன செய்யும்? வெங்காயத்தைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

3. கேட்கக்கூடாத கேள்வி

அவர் போன பிறகும் முதலாளிக்கு ஆறவில்லை.

"ஒரு வாய் கேட்டிருக்கலாமே, பிள்ளை? எத்தனை பரப்பு மாமா எண்டு?"

அப்போதுதான் கஜானி நிமிர்ந்து பேசினாள். "எப்பிடி ஐயா கேக்கிறது? எங்கடை அயல் வீட்டு மாமா. உங்களுக்கு எவ்வளவு காணி எண்டு நான் கேட்டால், கலியாணப் புரோக்கர் வேலை பாக்கிறியோ எண்டு அம்மா என்ரை தோலை உரிச்சுப்போடுவா. நாலு பரப்பெண்டு ஊருக்கே தெரியும். பாதி எழுதிக்குடுத்தது எனக்குத் தெரியாது, அதைத்தான் நான் போட்டனான். பள்ளிக்கூடத்துக் கணக்கிலை காணியின்ரை அளவு எப்பவும் போட்டுத்தானே இருக்கும்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் ஊர்களில் ஒருவரிடம் சுகம் கேட்கலாம், நோய் வருத்தம் கேட்கலாம், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு எப்போது வதிவிடப் பேப்பர் கிடைக்கும் என்றுகூடக் கேட்கலாம். எத்தனை பரப்பு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் முகம் மாறிவிடும். சம்பந்தம் பேசுகிறவர்களும் காணி எழுதுகிற நொத்தாரிசும் மட்டும் கேட்கிற கேள்வி அது. வயதில் இளைய ஒரு பெண் பிள்ளை மூத்தவரைப் பார்த்துக் கேட்டால் அது வாய்க்கொழுப்பு.

பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. அங்கே வினாத்தாளில் எல்லா எண்ணும் தந்திருப்பார்கள். எண் ஒன்று குறைகிறது, போய்க் கேட்டு வா என்று சொல்லும் கணக்கை நான் கண்டதில்லை. ஆனால் கேட்காதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பழமொழி சொல்லிக்கொண்டே, வாய் காட்டாதே என்று வீட்டில் அடக்கி வளர்ப்பது நாங்கள்தான்.

இதையெல்லாம் முதலாளிக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அது சரி அக்கா. கேக்கத் தெரியாட்டில் கவுண்டருக்குச் சரிவராதே" என்றார். மாத முடிவு என்ற தீர்ப்பு அப்படியே நின்றது.

4. எத்தனை டாங்கி

கேட்கப் பழகு என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் அவளால் முடியாது, அந்தக் கேள்வி வாய்க்கு வராது. அவளே வேறொரு வழி கண்டுபிடித்தாள்.

உடுவிலிலிருந்து வரும் பவளமக்கா எங்கள் கடையிலேயே நாக்கு நீண்ட வாடிக்கையாளர். குத்தகைக் காணியில் தோட்டம் செய்கிறவர். எவ்வளவு காணி என்று ஒருமுறை முதலாளி கேட்டதற்கு, "ஏன், வாங்கப்போறியளோ?" என்று திருப்பிக் கொடுத்தவர். அவர் வந்து அதே புல்லுமருந்தைக் கேட்டார். நான் உர மூட்டைப் பக்கம் நின்றபடி காதைக் கொடுத்தேன்.

"அன்ரி, மருந்து அடிக்கேக்கை வழமையா எத்தனை டாங்கி முடியும்?" என்று கேட்டாள் கஜானி.

"மூண்டு டாங்கி. நான் ஒருத்தியே சுமந்து அடிச்சு முடிச்சிடுவன். ஆம்பிளையளை எதிர்பாக்கிறேல்லை."

"பெரிய டாங்கியோ, பதினாறு லீற்றர்?"

"பின்னை? சின்னன் ஆருக்கு வேணும்?"

"அப்ப டாங்கிக்கு இருபத்தஞ்சு மில்லிதான் அன்ரி. இந்தப் போத்தலிலை உங்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினதையும் டாங்கியிலை ஊத்திப்போடாமல் மூடி வையுங்கோ."

முதுகில் சுமக்கும் பதினாறு லீற்றர் மருந்து டாங்கி ஒன்று ஏறக்குறைய ஒரு பரப்புக்குப் போதும். தோட்டம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் காணியைக் கேட்காமல் டாங்கியைக் கேட்கலாம் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எவ்வளவு காணி என்றால் சீறுகிற பவளமக்கா, எத்தனை டாங்கி என்றதும் பெருமையோடு சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோசத்தை மறைக்க உர மூட்டைகளை இரண்டாம் தரம் அடுக்கினேன்.

முதலாளியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மாதம் முடிந்தது. போகச் சொல்லும் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

5. படி மிதித்த நாள்

இதற்கிடையில் கஜானி சின்னராசா அண்ணையின் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நன்றாகத் தண்ணீர் கட்டும்படி தன் தாய் மூலம் அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவர் கட்டியிருக்கிறார். ஓரத்து வரிசைகள் போய்விட்டன. நடுப்பாத்திகளில் புதுத் தாள் விட்டு, விதைக்கு வேண்டியதில் பாதிக்குமேல் தேறியது. இது எங்கள் காதுக்கு வந்ததே தவிர, அவர் கடைப்பக்கம் வரவில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு காலை. கடை நிறைந்த சனம், அதில் பாதிப்பேர் இணுவில் ஆட்கள். சின்னராசா அண்ணை படியேறி வந்தார். "வாங்கோ அண்ணை" என்று முதலாளி தானே எழுந்து போனார். அவர் முதலாளியைத் தாண்டி நேரே கஜானியின் முன்னால் போய் நின்றார்.

"பூஞ்சண மருந்து தா, பிள்ளை."

அவள் வாய் திறந்தாள். டாங்கிக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு முன் அவர் முந்திக்கொண்டார். ஊர்ச்சனம் அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

"ரெண்டு பரப்பு. என்னட்டை இப்ப ரெண்டு பரப்புத்தான் கிடக்கு. அதுக்குக் கணக்குப் பாத்துச் சொல்லு."

கஜானி அந்த இடத்திலேயே மனக்கணக்காகச் சொன்னாள். அவர் திருப்பிக் கேட்கவில்லை, லேபிளையும் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார்.

இளம் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தைத் திட்டுமுன், அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்ணை நீங்கள் வாய் திறந்து சொன்னீர்களா என்று பாருங்கள். சின்னராசா அண்ணை சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அன்று கடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.