மிசாவோ அடைத்த குரல்

மிசாவோவின் வாயில் எப்போதும் ஒரு சொல் தயாராக இருக்கும்: "நான் பாத்துக்கிறேன்." நாகசாகி வட்டாரத்தில் பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர்களின் சங்கத்துக்கு அவள் செயலாளர் ஆனதும் அந்தச் சொல்லால்தான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

பெருந்தொற்றுக் காலம் முழுக்கச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் கணினித் திரையிலேயே நடந்தது. தொற்று ஓய்ந்ததும் பஞ்சாயத்து கிளம்பியது. விருந்தும் பீரும் இல்லாமல் அதென்ன கூட்டம் என்றார்கள் சசேபோ நகரத்துக்காரர்கள். கப்பலேறி வந்து போனால் பிழைப்பு கெடுகிறது, ஆன்லைனே போதும் என்றார்கள் தீவுக்காரர்கள்.

"ரெண்டையும் சேத்து வச்சுக்கலாமே? வர்றவங்க வரட்டும், மத்தவங்க திரையில இருக்கட்டும்," என்றாள் மிசாவோ.

"மைக்கு, கேமரா, வாசல்ல வரவேற்பு, எல்லாத்தையும் யாரும்மா பாக்குறது?" என்றார் தலைவர் இவனாகா.

"நான் பாத்துக்கிறேன்."

ஹதாயேவை மனதில் வைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள். கோத்தோ தீவில் இருப்பவர், தொழிலில் எல்லோருக்கும் மூத்தவர். மனைவி பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து வீட்டை விட்டு நகர முடியாதவர். விருந்தில் வாழ்த்துச் சொல்லி, 'கன்பாய்' என்று முதல் கோப்பையை உயர்த்தும் மரியாதையை இந்த முறை அவருக்கே கொடுப்பதென்று முடிவானது.

கூட்டம் தொடங்கியதுமே ஒலிபெருக்கி கீச்சென்று ஊளையிட்டது. காதை வைத்துப் பிழைப்பவர்கள் நிறைந்த மண்டபம் அது. ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். மிசாவோ பாய்ந்துபோய், திரையிலிருந்து வரும் ஒலிக்கான திருகை முழுக்கத் திருகி அடைத்தாள். பிறகு நாற்காலி போதவில்லை, சாப்பாட்டு வண்டி தாமதம், யாரோ காரை வழியை மறித்து நிறுத்திவிட்டார்கள். தீர்மானங்களுக்குத் தீவுக்காரர்கள் கையைத் தூக்கியே ஆதரவு தெரிவித்ததால் குரலுக்கு வேலை வரவில்லை. திருகு அவளுக்கு மறந்தே போனது.

வாழ்த்து முடியாமல் யாரும் ஒரு வாய் குடிக்கக் கூடாது. எல்லோரும் பீரைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். திரையில் ஹதாயே கோட்டும் டையுமாக எழுந்து நின்று வாயசைத்தார். சத்தமே இல்லை. கோப்பைகளில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. தலைவர் மிசாவோவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹதாயே-சான் வீட்டு லைன் சரியில்ல போலிருக்கு," என்றாள் மைக்கில்.

"விடும்மா, பீரு கஷாயமாயிடப் போகுது," என்று தலைவரே கோப்பையைத் தூக்கினார். "கன்பாய்!"

மண்டபம் சிரித்துக்கொண்டே குடித்தது.

சாமான்களைக் கட்டும்போதுதான் திருகு அவள் கண்ணில் பட்டது. முழுக்க அடைத்தபடியே இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஹதாயேவே போன் செய்தார். "மிசாவோ-சான், நேத்து என்னால எல்லாருக்கும் சங்கடம். இந்தப் பாழாப்போன மெஷினு காலை வாரிடுச்சு. மன்னிக்கணும்."

"ஐயோ, பரவால்லைங்க, இதெல்லாம் சகஜம்தானே," என்றாள் அவள்.

போனை வைத்த பிறகு தன்மீதே அருவருப்பு வந்தது. தப்பு செய்தவள் அவள். மன்னிப்பு கேட்டவர் அவர். போதாக்குறைக்குப் பெரிய மனதோடு மன்னித்தும் விட்டாள்!

அடுத்த செயற்குழுவில் தலைவர் பேச்சை வளர்க்கவில்லை. "அடுத்த வருஷம் எல்லாரும் நேர்ல வந்துடணும். திரையெல்லாம் வேணாம். ஹதாயே-சான் பட்ட பாட்டப் பாத்தீங்கல்ல? வயசான மனுஷன இழுத்து வச்சு அவமானப்படுத்திட்டோம்."

உண்மை மிசாவோவின் தொண்டைவரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு, எல்லோரோடும் தலையாட்டினாள்.

உறுப்பினர்களுக்கு அனுப்புவதற்காகக் கூட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்த அன்றுதான் அவள் உடைந்தாள். மண்டபத்தில் வராத குரல் பதிவில் கணீரென்று இருந்தது.

"நான் மொதல் மொதலா சுருதி கூட்டப் போன வீட்டுல கதவத் திறந்த பொண்ணுதான் இப்ப எனக்குப் பின்னாடி படுத்திருக்கா. எழுந்து வர முடியாத எங்களையும் உங்கள்ல ஒருத்தரா வச்சிருக்கீங்களே, அதுக்காக... கன்பாய்!"

கோப்பையை உயர்த்திக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அதற்குள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். உதட்டை நனைக்காமலே கோப்பையைக் கீழே வைத்தார். விருந்து முடியும்வரை கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் யாரும் பார்க்காத ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரையை அணைத்தார்.

மிசாவோ கோத்தோவுக்குக் கப்பலேறினாள்.

"வாங்க, வாங்க! நல்ல நேரத்துலதான் வந்தீங்க," என்று ஹதாயே மேசையைக் காட்டினார். பளபளவென்று ஒரு புது மைக். "இருக்கறதுலயே இதுதான் உசத்தின்னு கடைக்காரன் சொன்னான். அடுத்த வருஷம் பாருங்க, மண்டபமே அதிரும்!"

"தெனமும் இதுல பேசிப் பேசி..." கட்டிலிலிருந்து அவர் மனைவி குழறலாகச் சொன்னாள். "என் காதுதான்... போச்சு."

மிசாவோ பாய்த்தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள். "உங்க லைன்ல ஒரு குறையும் இல்ல. ஒலிய அடைச்சு வச்சவ நான்தான். அன்னிக்கே தெரிஞ்சும் வாயத் திறக்கல."

ஹதாயே புது மைக்கைப் பார்த்தார்.

"அப்ப என் குரல்?"

"பதிவுல முழுசா இருக்கு. கேட்டேன்."

ஹதாயே மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நம்ம மெஷினு மேல தப்பே இல்லையாம்." பிறகு மிசாவோவைப் பார்க்காமல், புது மைக்கை மெதுவாக அதன் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். "எழுந்திருங்க மிசாவோ-சான். போனது போகட்டும். அடுத்த வருஷத்துக்குப் பழசே போதும், என்ன?"

அடுத்த வருஷம் திரையே கிடையாது என்பது அவருக்கு இன்னும் தெரியாது. "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல மிசாவோ வாயெடுத்தாள். சொல்லவில்லை. மண்டியிட்டபடியே போனை எடுத்து, அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டிவைத்துத் தலைவரைக் கூப்பிட்டாள்.

"தலைவரே, அன்னிக்கு மைக்கப் புடிச்சுக்கிட்டு நான் சொன்னது பொய்," என்றாள்.