விரல் பிடித்த பிழைகள்

பார்வையற்ற மாணவர்களுக்குத் தொட்டுப் படிக்கும் படங்கள் செய்வது என் வேலை; அதாவது, நூலையும் பசையையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு பாடப்புத்தகத்தோடு சண்டை போடுவது.

பழைய இலக்கணக்காரர்கள் உயிர்களை அறிவுக் கணக்கில் அடுக்கியபோது தொட்டறிவதை முதலில் வைத்தார்கள்; பார்ப்பது நான்காவதாகத்தான் வருகிறது. இதை அலுவலகக் கூட்டங்களில் இரண்டு முறை சொல்ல ஆரம்பித்தேன்; இரண்டு முறையும் டீ வந்துவிட்டது. கட்டைவிரலில் பசை காய்ந்துபோய், வருகைப்பதிவு இயந்திரம் அடையாளம் காணாமல், வேலைக்கு வந்தும் வராதவர்களான உங்களுக்கு என் நிலைமை புரியும்.

தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் எனக்கு ஓர் அறை உண்டு. போன வருடம் அங்கே விடுதியில் தங்கிப் பத்தாவது படித்தவள் ஜெசிந்தா. கடலோர ஆலந்தலைப் பெண், பிறவியிலேயே பார்வை இல்லை. பதினொன்றில் கணக்குப் பிரிவுதான் வேண்டும் என்று நின்றாள். மேல்வகுப்புக் கணக்கு டீச்சர் மறுக்கவில்லை. "படத்த நீயாப் படிச்சுச் சொல்லிட்டன்னா எடுத்துக்கிடுதேன்" என்று, வருடக் கடைசியில் ஒரு சோதனை வைப்பதாகச் சொல்லிவிட்டார். ஆக, அவள் படிப்பு என் பசை டப்பாவை நம்பி இருந்தது.

மேற்கே போன தூத்துக்குடி

தடித்த தாளைக் கவிழ்த்துப் போட்டு, தையற்காரர்கள் துணியில் அடையாளம் போடும் பல்சக்கரத்தை உருட்டினால் மறுபக்கம் புள்ளிகள் எழும்பும். பின்னாலிருந்து வரைவதால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். இத்தொழிலின் முதல் பாடம் இது. ஜெசிந்தாவுக்குத் தமிழ்நாட்டு வரைபடம் செய்தபோது அதைத்தான் மறந்தேன். கடலுக்கு உப்புத்தாள், ஊர்களுக்கு வளையல் கடைப் போலி முத்து (முத்துக்குளித்த கரையில் இதற்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்), பெயர்கள் பிரெயிலில். எல்லாம் திருத்தமாக ஒட்டிக் கொடுத்தேன்.

அவள் சென்னையிலிருந்து விரலை மெல்ல இறக்கித் தூத்துக்குடிக்கு வந்து நின்றாள். வலப்பக்கம் தடவினாள், நிலம். இடப்பக்கம் தடவினாள், உப்புத்தாள்.

"சார், எங்கூர்ல காலைல வெயிலு கடல் பக்கம் இருந்துல்லா மூஞ்சில அடிக்கும். உங்க ஊர்ல சாயங்காலமா அடிக்கு?"

பெட்டிக்கு வந்த கதி

கனசதுரத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே நூலால் ஒட்டினேன். முன்னால் ஒரு சதுரம். மேலேயும் பக்கத்திலும் சாய்ந்த இரண்டு இணைகரங்கள். தள்ளி இருப்பது கண்ணுக்குச் சுருங்கித் தெரியும் என்பதை ஓவியர்கள் எவ்வளவு காலம் பாடுபட்டு வசப்படுத்தினார்கள் என்று ஒரு முன்னுரையும் கொடுத்தேன். ஜெசிந்தா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மேசையிலிருந்த சாக்பீஸ் பெட்டியை எடுத்து ஆறு பக்கமும் தடவிவிட்டு, படத்துக்கு வந்தாள்.

"இந்தப் பெட்டிய யாரோ மிதிச்சிட்டாவ சார்."

ஆய்வு

விரலுக்கு மை தேவையில்லை என்பதால் என் புள்ளிப் படங்கள் வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி கோப்பைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். தொட்டுப் பார்க்கும்படி சொன்னேன். கையில் கறை படும் என்று நினைத்தாரோ என்னவோ, தொடவில்லை.

"காலித் தாளுக்கெல்லாம் எதுக்கு சார் வரிசை எண் போட்டிருக்கீங்க?"

ஒரு நூல் அளவு

சோதனை நாள் வந்தது. டீச்சர் கேட்ட ஐந்து படங்களை முந்தின நாள் மத்தியானம் செய்து காயவைத்திருந்தேன். நான்கை ஜெசிந்தா தண்ணீர் குடிப்பதுபோல் சொல்லிவிட்டாள். ஐந்தாவது, ஒரு வட்டமும் அதற்கு ஒரு தொடுகோடும்.

"ஏளா, இந்தப் படத்துல கோடு வட்டத்த எத்தன இடத்துல தொடுது?" என்றார் டீச்சர்.

மூன்று முறை தடவினாள். "ரெண்டு இடத்துல டீச்சர்."

படமே வேண்டாம், மனப்பாடமாகவே ஒன்று என்று சொல்லிவிடலாம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இது தொடுகோடு."

"தொடுகோடுன்னா ஒரு இடந்தான், அது எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க இந்தப் படத்தல்லா கேட்டிய. இதுல ரெண்டு இருக்கு."

டீச்சர் படத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். நான் ஜன்னல் வழியே துறைமுகத்துப் பளுதூக்கிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பசை ஈரமாக இருந்தபோது கோடு ஒரு நூல் அளவு உள்ளே நகர்ந்து, வட்டத்தின் மேல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. பாடம் தெரிந்த எங்கள் கண்கள் அதைத் தாமாகவே திருத்திக்கொண்டுவிட்டன. டீச்சர் கண்ணைத் திறந்து, முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னை.

"பிள்ளைய எடுத்துக்கிடுதேன். படம் போடுத ஆளத்தான் மாத்தணும்."

ஆளை இன்னும் மாற்றவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தையும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன் என்றாலும், பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஜெசிந்தா அனுப்பும் திருத்தம் எப்போதும் நான் கண்டுபிடித்ததைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கிறது.