கொய்யா மரத்தில் ஒரு வருடம்

கந்தர்வக்கோட்டையில் என் வீட்டுக் கொல்லைக் கொய்யா மரத்தில் ஒரு சி.டி. தொங்குகிறது. கிளி விரட்ட நான் கட்டியது. எங்கள் இணையக் குழுமத்தின் ஒரு வருடப் பேச்சு முழுவதும் அதில் இருந்தது.

குழுமத்தை நடத்தியவர் கீரமங்கலத்து அக்கா. ஊரிலும் வளைகுடாவிலும் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் எழுதிக்கொண்ட இடம். அக்காவுக்கு இணையத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. "அது அடுத்தவன் எடம் தம்பி. ஒருநா கதவைச் சாத்திருவான்" என்பார். பொங்கல் முடிந்ததும் அந்த வருடப் பேச்சை மூன்று சி.டி.யில் பதிவார். ஒன்று அவரிடம், ஒன்று மீமிசல் நண்பரிடம், ஒன்று என்னிடம். சீர் கொடுப்பதுபோல மஞ்சள் பையில் வைத்துத்தான் தருவார்.

ஒரு வருடம், மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கலாமா என்று சண்டை. கடலைப் படத்தில் மட்டுமே பார்த்த நான், கடற்கரை ஊரான மீமிசல்காரரோடு மோதி, கூடாது என்று நாற்பது பதில் எழுதினேன். படித்த திமிரில் ஏடுகளிலிருந்து ஆதாரம் வேறு. மறுநாள் வெட்கம் வந்து, அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "மாட்டேன். நீங்க எம்புட்டுக் கோமாளின்னு பின்னால ஒங்களுக்கே தெரிய வேணாமா?" என்றார் அக்கா. அந்தச் சண்டையின் அடியில், குவைத்தில் வேலை பார்த்த அக்காவின் கணவர், குழுமத்தில் எழுதியே பழகாதவர், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ரெண்டு விதமாவும் வச்சு வைங்க, வந்து சாப்பிட்டுச் சொல்றேன்." அவர் வரவில்லை. அங்கேயே இறந்துபோனார்.

பின்னால் கிளித் தொல்லைக்கு எந்த வருடத்தைக் கட்டுவது என்று யோசித்து, சண்டை வருடத்தையே கட்டினேன். இன்னும் இரண்டு வீட்டில் இருக்கிறதே என்ற தைரியம். என் மானம் ஞாபகத்தில் இருந்தது. அந்த வரி அப்போது நினைவுக்கே வரவில்லை. அக்கா சொன்னபடியே ஒருநாள் குழுமத்தை மூடிவிட்டார்கள். புயலில் அவர் வீட்டு ஓடு பறந்து சி.டி.க்கள் ஊறிப்போயின. மீமிசலில் எல்லாம் பிழைத்தன, உப்புக்காற்றில் பூச்சு உரிந்த ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, சண்டை வருடம்.

என்னிடம் இருந்த நகலைத் தேடி அக்கா பஸ் ஏறி வந்தார். மரத்தைக் காட்டினேன். அவிழ்த்து முந்தானையால் துடைத்தார். வெயில் தின்றதைக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை.

"அந்த வரி எனக்கு மனப்பாடங்க்கா. எழுதித் தாரேன்."

"ஞாபகத்தை நம்புனா மூணு காப்பி எதுக்குத் தம்பி எடுத்தேன்?"

சி.டி.யை என்னிடமே நீட்டினார். "கட்டிருங்க. கிளியாவது பயப்படட்டும்."

அக்கா காலமானபின் அந்த வேலை என்னிடம் வந்தது. பொங்கல் முடிந்ததும், மிஞ்சிய வருடங்கள் எல்லாவற்றையும் புதிதாக நகலெடுத்து, அவர் மகளிடம் ஒன்றும் மீமிசலில் ஒன்றும் கொடுத்துவிட்டு வருகிறேன். மீமிசல்காரர் தேங்காய் அரைத்த மீன் குழம்பு ஊற்றுகிறார். வாய் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

கொய்யா மரத்தில் சி.டி. இன்னும் சுற்றுகிறது. கிளிகளுக்குப் பழகிவிட்டது, பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்துகின்றன. அந்தப் பக்கம் போகும்போது நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.