எண்ணூர் சாலையில் வலப்பக்கம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. என் அண்ணன் யாருக்குக் கார் ஓட்டினானோ அந்தத் துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நேராகத் தன் ஊருக்குப் போகாமல், காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரான்ஸில் இறங்கி, அங்கிருக்கும் பழைய கோட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதென்று முடிவு செய்தார்.

2. கார் ஓட்ட அண்ணனையும் அழைத்துப் போவதாகச் சொன்னார்.

3. அடுத்து வரவிருந்த துரைக்குச் சொந்த டிரைவர் இருந்தான். அண்ணன் பிரான்ஸ் போய்த் திரும்பினால் கம்பெனியில் நிரந்தர வேலை என்று பேசியிருந்தார்கள். போகாவிட்டால், துரை கப்பலேறும் நாளோடு அவன் வேலை முடிந்துவிடும்.

4. பாதையை வரைந்து கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

5. பிரான்ஸில் சாலையின் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். அதற்காக அண்ணன் எண்ணூர் உப்பளச் சாலையில் பழகினான்.

6. நன்றாகப் பழகிவிட்டான். காலடிப்பேட்டையில் நடந்ததற்கு அதுவே காரணம்.

துறைமுகத்தை ஒட்டி, கப்பல்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் நான் படம் வரைபவளாக இருக்கிறேன். கொதிகலன், குழாய், வால்வு என்று எது வந்தாலும் மெழுகுத் துணியில் மையால் நகலெடுப்பது என் வேலை. துரை அந்தப் பட்டறைக்கு மேலதிகாரி. அண்ணன், அண்ணி, நான் மூவரும் ராயபுரத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

துரையின் மனைவி துரைசானி ஒருநாள் படங்கள் நிறைந்த தடித்த புத்தகத்தையும் யுத்தத்துக்கு முந்தைய வரைபடங்களையும் என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். பிரித்தால் மேஜை கொள்ளாத வரைபடங்கள். காற்றடிக்கும் காரில் அவற்றை விரித்துப் படிக்க முடியாது. ஆகவே ஒரு நாள் பயணத்துக்கு ஒரு பட்டை என்று நீளநீளமாக வரைந்தேன். நடுவில் சாலை, இருபுறமும் ஊர்கள், ஆறு, பெட்ரோல் கிடைக்கும் இடம். காரின் மீட்டர் மைல் காட்டும், அந்த ஊர்ச் சாலைக் கற்கள் கிலோமீட்டர் காட்டும் என்பதால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். லுவார் ஆற்றின் பாலங்கள் பல யுத்தத்தில் உடைந்துபோயிருந்தன. கார் போகலாம் என்று துரை விசாரித்து உறுதி செய்த பாலங்களுக்கு மட்டும் கறுப்பு மை. மற்றவற்றைப் பென்சிலிலேயே விட்டேன்.

கோட்டைப் படங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். ஷாம்போர் கோட்டையின் கூரையில் நிற்கும் புகைபோக்கிகளை அண்ணி விரலால் எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டாள்.

"இம்மாம் பெரிய வூட்ட எவ பெருக்குவா?"

"ராஜா வூட்ல ஆளுக்கா பஞ்சம்?" என்றான் அண்ணன். "இத பாரு, இது ஆத்து மேலயே கட்டிகீது. நம்ம கூவத்து மேல கட்டினா எவனாச்சும் குடியிருப்பானா?"

"நீ மொதல்ல கப்பல் ஏறு. அப்பாலிக்கா கூவத்தப் பத்திப் பேசலாம்."

அண்ணனுக்கு வேலை மட்டும் பெரிதில்லை. பிறந்ததிலிருந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். துரையை ஏற்றிக்கொண்டு கப்பல் படி வரைக்கும் போவான். அங்கேயே காரைத் துடைத்துக்கொண்டு நிற்பான். ஒருமுறைகூடப் படியேறியதில்லை. வண்ணாரப்பேட்டையில் அண்ணி அவனுக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாள். வியர்க்க வியர்க்க அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.

எங்கள் காரில் ஸ்டியரிங் வலது பக்கம். அந்தக் காரைச் சாலையின் வலப்பக்கமாக ஓட்டினால் டிரைவர் சாலையோரத்தில் போய்விடுவான். முன்னால் ஒரு வண்டி போனால் அதைத் தாண்ட இடம் இருக்கிறதா என்பது அவனுக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். பிரான்ஸில் துரை அங்கே உட்கார்ந்து சொல்வார். எண்ணூரில் நான் உட்கார்ந்து சொன்னேன். காலையில் பட்டறைச் சங்கு ஊதுவதற்கு முன் போய்த் திரும்புவோம். உப்பளச் சாலையில் அந்நேரத்துக்குக் கட்டை வண்டிகள்தான் வரும். வண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். ஆனாலும் உப்பு வாரும் பெண்கள் விடவில்லை.

"இன்னா நைனா, காலீலயே ஊத்திகினியா? சோத்தாங்கை பக்கமா போய்கினு கீறே?"

"சீமைல இப்டித்தான் ஆயா ஓட்டுவாங்க."

"அப்ப அங்கியே போய் ஓட்டு. எங்க மாட்ட பேஜார் பண்ணாத."

திரும்பும்போது எண்ணூர் ரயில்வே கேட் வந்ததும் நான் "இடது" என்பேன். அண்ணன் காரை நிறுத்தி, ஒருமுறை மூச்சு விட்டு, இடது பக்கத்துக்கு மாறுவான். கேட்டுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ், இந்தப் பக்கம் சென்னை. ஒருநாளும் தவறியதில்லை.

அன்று சனிக்கிழமை. அவன் பழகியிருப்பதைப் பார்க்கத் துரைசானியும் வந்தாள். என் பாதைப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். உப்பளச் சாலையில் அண்ணன் ஓட்டியதைப் பார்த்து அவளுக்குத் திருப்தி. கேட்டில் நான் "இடது" என்றேன். அவன் மாறினான். திருவொற்றியூர் வரை ஒழுங்காக வந்தோம்.

காலடிப்பேட்டையில் விறகு ஏற்றிய கட்டை வண்டி ஒன்று இடதோரமாக நின்றிருந்தது. எல்லோரும் செய்வதைப் போல அண்ணன் வலப்பக்கம் ஒதுங்கி அதைத் தாண்டினான். தாண்டியபின் இடது பக்கம் திரும்பி வரவில்லை. வலதோரத்தைப் பிடித்துக்கொண்டு, பதற்றமில்லாமல், உப்பளத்தில் போவது போலவே போனான். அந்தப் பக்கம் அவன் கைக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது.

எதிரே துறைமுக லாரி ஒன்று நேராக எங்களை நோக்கி வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். லாரி எங்கள் பின் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டு கடந்தது. கார் இடதோர மணலில் புதைந்து நின்றது. பாதைப் படங்கள் துரைசானியின் காலடியில் சிதறிக் கிடந்தன.

லாரிக்காரன் இறங்கி ஓடி வந்தான்.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? ரோடு உங்கப்பன் வூட்டுதா?" அருகில் வந்து குனிந்து பார்த்ததும் அவன் குரல் மாறியது. "அட, நீயா மாமு? சீமைக்குப் போறேன்னு சொல்லிகினு இருந்தே. அதுக்கும் மேலயே போயிருப்பே!"

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையையும் எடுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து காரை மணலிலிருந்து தள்ளிவிட்டார்கள். நான் கீழே இறங்கி மட்கார்டைப் பார்த்தேன். ஒரு தட்டு தட்டினால் நேராகிவிடும் அளவுக்குத்தான் நசுங்கியிருந்தது.

துரைசானி பங்களா வாசலில் இறங்கும்போது, "அந்த லாரி தப்பான பக்கத்தில் வந்தது. உன் அண்ணன் சாமர்த்தியமாகத் தப்பித்தான்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். பொய் சொல்கிற பெண் இல்லை அவள். வாரக்கணக்கில் பிரான்ஸ் சாலைகளையே பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, ஒழுங்காகத் தன் இடது பக்கமாக வந்த லாரி தப்பாகத் தெரிந்திருக்கிறது.

அவள் உள்ளே போனதும் அண்ணன், "இன்னா சொல்ச்சு?" என்று கேட்டான். சொன்னேன். நசுங்கிய மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்தான்.

"அப்டியே இருக்கட்டும் பாப்பா. அதுவே சொல்லும்போது நமக்கு இன்னா? நீ எதுவும் சொல்லிகினு இருக்காத."

"தொர கேட்டார்னா?"

"ஏன் கேக்கப்போறாரு? பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டாரா?"

"நீ இடது பக்கம் ஒடிச்சியே அண்ணே."

"ஒடிச்சதாலதான் உசுரோட கீற."

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைச் சாப்பிடவிடவில்லை. பயம் வந்ததும் அவன் கை, யோசிக்காமல், இடது பக்கம் ஓடியது. இங்கே அது எங்களைக் காப்பாற்றியது. பிரான்ஸில் எதிரே வருபவர்கள் இருப்பது இடது பக்கத்தில்தான்.

அதற்கு எதிராகவும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். இன்னும் பழகினால் கை மாறாதா? மாறலாம். ஆனால் பழகியது அமைதியான சாலையில். பயத்தில் பழக ஒரு சாலை எங்கே இருக்கிறது? அங்கே பயம் வரவே வராது என்றும் சொல்லலாம். மரங்கள் வரிசையாக நிற்கும் அகலமான சாலைகள் என்று புத்தகத்தில் பார்த்திருந்தேன். மறுபடி லாரி நினைவுக்கு வந்தது. அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லப் போனேன். கம்பளிக் கோட்டைத் தட்டி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும், "போய்த் தூங்கு" என்றான்.

திங்கட்கிழமை காலையில் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மட்கார்டைப் பார்த்திருக்கிறார்.

"என் மனைவி பின்சீட்டில் இருந்தாள். நீ முன்சீட்டில் இருந்தாய். லாரி தப்பான பக்கத்திலா வந்தது?"

அவர் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டேன். சாலை. இடதோரமாக விறகு வண்டி. வலதோரமாக எங்கள் கார். எதிரே லாரி. கார் திரும்பிய திசைக்கு ஓர் அம்புக்குறி.

துரை தாளை நெடுநேரம் பார்த்தார். அம்புக்குறியின்மேல் விரலை வைத்தார்.

"யோசித்துத் திருப்பினானா?"

"இல்லை. யோசிக்க நேரமில்லை."

"அங்கே இப்படித் திருப்பினால்?"

வெளியே பட்டறையில் யாரோ ஒரு தகட்டைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதிரே வருபவன்மேல் மோதும்" என்றேன்.

யுத்தகாலத்தில் தன் மனைவி பிரான்ஸிலேயே வலப்பக்கமாக லாரி ஓட்டியவள் என்றும், அவள் சாலையைப் பார்க்காமல் கோட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் அண்ணனை அழைத்துப்போக நினைத்ததாகவும் சொன்னார். பிறகு மணியடித்து அண்ணனை வரச் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன். அண்ணன் என்னைத் தாண்டி உள்ளே போனான். என்னைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வரவில்லை. கடற்கரையில் வலை காயும் இடத்தில் உட்கார்ந்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது போயிருந்தா, திரும்பி வந்திருக்காதா?"

"தெரியல அண்ணி."

"தெரியாதத ஏன்மே சொன்னே?"

"கை எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியும். அதத்தான் சொன்னேன்."

"உனக்கு எல்லாம் கோடுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சற்று நேரம் கழித்து எனக்குச் சோறு போட்டாள்.

துரையும் துரைசானியும் போன மாதம் கப்பலேறினார்கள். கார் அவர்களோடு போனது. பாதைப் படங்களும் போயின. பிரான்ஸில் துரைசானிதான் ஓட்டுவாள். அண்ணனுக்குத் துரை நல்ல சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. இப்போது வண்ணாரப்பேட்டையில் தெற்கத்தி ஜவுளி வியாபாரி ஒருவருக்கு லாரி ஓட்டுகிறான். மாதவரம் தாண்டி வெளியூர்களுக்குத் துணி மூட்டை கொண்டுபோகிறான். லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. கம்பளிக் கோட்டை அண்ணி விற்றுவிட்டாள். நான் அதே மேஜையில் வேலை செய்கிறேன். அண்ணன் என்னோடு பேசுகிறான். கப்பல்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.