மகள் பெயரில் நான் எழுதியது

என் மகள் இங்கிலாந்தில் ஒரு கவுண்டியின் பெண்கள் அணியில் கிரிக்கெட் ஆடுகிறாள். மொன்றியலில் நான் வேலை செய்யும் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளை விட வருகிற தாய்மார் எல்லாருக்கும் இது தெரியும். பெருமையடிக்கிறேன் என்பார்கள். ஓம், அடிக்கிறேன்தான்! பனிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூட ஜிம்மில் அவளுக்குப் பந்து பொறுக்கிப் போட்டவள் நானல்லவா?

படிக்கப் போன இடத்தில்தான் அவளை அணியில் எடுத்தார்கள். அந்த ஒப்பந்தம் போன கோடையோடு முடிய இருந்தது. புதுப்பிப்பார்களா என்ற யோசனையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, "இந்த ஞாயிறோட பந்து போடுறதை விட்டிட்டு பற்றிங்கை மட்டும் பார் எண்டு கோச் சொல்லுறார் அம்மா," என்றாள்.

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டையடிப்பது மட்டும் என்றால் அவளைவிட நல்லவர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். இரண்டும் செய்கிற ஒல்-ரவுண்டர் என்பதால்தான் அவளுக்கு இடமே.

அந்த ஞாயிறு காலை வழமைபோல இணையத்தில் ஆட்டம் பார்த்தேன். ஒரேயொரு கமெரா, பிட்ச் மட்டும்தான் தெரியும். பார்ப்பவர்கள் கருத்தெழுதப் பக்கத்தில் ஒரு பெட்டி. மகள் ஒரு ஓவர் போட்டாள், இரண்டு பவுண்டரி போனது. உடனே யாரோ ஒருவன் எழுதினான்: "இவளிடம் எதற்குப் பந்தைக் கொடுக்கிறார்கள்?"

விடுவேனா? அவள் போட்ட ஒவ்வொரு ஓவரும் என் கொப்பியில் எழுதி இருக்கிறது. எந்த ஆட்டத்தில் யாரை வீழ்த்தினாள், எந்தக் கட்ச்சை எவள் கோட்டை விட்டாள், எல்லாவற்றையும் எழுதித் தள்ளினேன். கண் தெரியாவிட்டால் கண்ணாடி போடு என்றும் சேர்த்துவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், மேலே மகளின் பெயரும் படமும். அது அவள் விட்டுப்போன பழைய மடிகணினி. அவளுடைய கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்! அழிக்கவும் தெரியவில்லை. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளையின்ர தலையில மண்ணள்ளிப் போட்டிட்டீர்," என்றார்.

பின்னேரம் மகள் அழைத்தாள்.

"கோச் கூப்பிட்டுக் கேட்டவர். நான் அந்த நேரம் பவுண்டரியில நிண்டனான், அம்மாவாத்தான் இருக்கும் எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சவர்."

"மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை."

"நானும் வாசிச்சனான். இவ்வளவு விக்கெட் எடுத்தனானோ எண்டு எனக்கே தெரியாது." பிறகு சொன்னாள்: "பந்து போடுறதை விடமாட்டன் எண்டு அவரிட்டச் சொல்லிப்போட்டன்."

மிச்சம் இருந்த இரண்டு ஆட்டங்களிலும் அவளே கேட்டுப் பந்தை வாங்கினாள். முதலாவதில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்ததில் மூன்று விக்கெட். நான் கத்திய கத்தில் மேல்வீட்டுக்காரி பயந்துபோய் வந்து கதவைத் தட்டினாள். அவளையும் இருத்தி வைத்து முழுக்கதையும் சொன்னேன்.

மாதக் கடைசியில் புது ஒப்பந்தம் வந்தது. மகள் போனில் வாசித்தாள். இன்னும் இரண்டு வருடம். அணியில் அவள் இடம், ஒல்-ரவுண்டர்.

"கேட்டதோ அம்மா?"

நன்றாகவே கேட்டது. "லைன் சரியில்லை, திருப்பி வாசி," என்றேன்.