ஐயாவின் பெயர்ப்பலகை

பக்கத்து வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் பூசுகிறார்கள். அந்த மணத்தோடு எங்கள் ஊர் கொழும்புத்துறை நினைவுக்கு வந்துவிட்டது.

என்னைப் பெற்ற ஐயா அங்கே நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார். கடற்காற்று தன் பெயர்ப்பலகையை அரிக்கிறதென்று, வள்ளங்களுக்குப் பூசுகிற வார்னிஷைத் தேடி வாங்கினார்.

“ஒருக்காப் பூசினது நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் மற்றது பூசவேணும்” என்று வெயில் பார்த்து மூன்று தரம் பூசினார். அந்த மாரியிலேயே நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனார்.

பலகையைக் கழற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. எழுத்தும் மங்கவில்லை. அதை வாசித்துவிட்டு வெளியூர்ச் சனம் வாசல் படலையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காய்ச்சல் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். “பரியாரியார் நிக்கிறாரோ?”

“அவர் போயிட்டார், பிள்ளை.”

“எப்ப வருவார்? நான் இருந்து காட்டிப்போட்டுப் போறன்.”

அம்மா பக்கத்தில் குந்தி, அந்தப் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தா. பிறகு அழத் தொடங்கினா.