சந்தனம் பூசிய கேமரா

என்னைப் போல ஒரு மடையன் சுங்கைப் பட்டாணி முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

கூலிம் பேக்டரியில் என்னோடு வேலை செய்யும் குணா அண்ணன், வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது தன் கேமராவைப் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தார். பிலிம் போடும் கேமராதான். ஆனால் படம் எடுக்க அல்ல, சேகரித்து வைப்பவர்களுக்காகவே குறைந்த எண்ணிக்கையில் செய்தது. பெட்டியின் சீல்கூட உடைக்காதது.

"பிரிச்சா மதிப்பே போச்சுலா, தம்பி!" என்றார்.

அந்த வாரம் ஆயுத பூஜை. என் மோட்டார் சைக்கிளும் ஸ்பேனரும் பொட்டு வைத்துக்கொண்டு ஜொலிக்க, கேமரா மட்டும் பெட்டிக்குள் கிடந்தது பாவமாக இருந்தது. பிரித்தேன். லென்சு நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அழகு பார்த்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்!

அண்ணன் வந்து பார்த்தார். துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"உன்னையெல்லாம் மனுஷன்னு நம்புனேன் பாரு."

அதன்பின் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. பிறகு ஷிப்டையே மாற்றிக்கொண்டார்.

இப்போதெல்லாம் பூஜைக்கு என் பொருளைத் தவிர எதையும் தொடுவதில்லை. இந்த வருஷம் அதைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது:

"யாரு இது?"